சம்பவ அறிக்கைகளை வைத்துத் தரச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகாரமான என்ஏபிஹெச் பெற்ற 200 படுக்கைத் தனியார் மருத்துவமனை. ஆண்டுக்குச் சுமார் 12,000 அட்மிஷன். தவறோ விபத்தோ நடந்தால் ஊழியர்கள் எழுதித் தரும் சம்பவ அறிக்கைகள் மாதம் 60 குவாலிட்டி பிரிவுக்கு வருகின்றன. ‘இந்தத் தவறுகளால் வருடத்துக்கு எவ்வளவு நஷ்டம்? குவாலிட்டிக்குச் செலவழிப்பது கட்டுப்படியாகிறதா?’ என்று நிர்வாகம் ஒரு தொகை கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

செய்யக்கூடாத கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிக்கைகளின் எண்ணிக்கையை ஏதோ ஒரு சராசரித் தொகையால் பெருக்கி, ‘இதுதான் நஷ்டம்’ என்று நீட்டாதீர்கள். வார்டில் நடந்தவற்றில் எத்தனையை எழுதித் தர ஊழியர்கள் முன்வந்தார்கள் என்பதைத்தான் அறிக்கை எண்ணிக்கை காட்டுகிறது. எத்தனை நடந்தன என்பது வேறு விஷயம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சிறியதும் அல்ல. அமெரிக்காவில் கிளாசன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று மருத்துவமனைகளின் 795 கேஸ் ஷீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப்பைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளைக் கேஸ் ஷீட்டில் தேடும் டிரிகர் டூல் முறையில் 354 பாதிப்புகள் சிக்கின. அதே நோயாளிகள் விஷயத்தில் ஊழியர்கள் தாமாக எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் இருந்தவை வெறும் 4. அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2012இல் வேறொரு வழியில் பார்த்தபோதும், நோயாளிகளுக்கு ஏற்பட்ட பாதிப்புகளில் 14 சதவீதம்தான் மருத்துவமனைகளின் சம்பவ அறிக்கை அமைப்புக்குள் வந்திருந்தது.

இதனால் ஒரு வேடிக்கையும் நடக்கும். நீங்கள் நல்லபடி பயிற்சி கொடுத்து, எழுதினால் மெமோ வராது என்ற நம்பிக்கையை உண்டாக்கினால், அடுத்த ஆண்டு அறிக்கைகள் இரட்டிப்பாகும். தொகையால் பெருக்கும் கணக்கில் நஷ்டமும் இரட்டிப்பாகும். நிர்வாகம் உங்களைத்தான் முறைக்கும். இதற்கு மாற்று ஒன்றுதான். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு செலவு என்பதைச் சம்பவ அறிக்கையிலிருந்து தொடங்கிக் கண்டுபிடியுங்கள். எத்தனை சம்பவங்கள் என்பதற்கு வேறு ஆதாரத்தை எடுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிதான்.

தரச் செலவை, அதாவது தவறைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் நேர்ந்ததைச் சரிசெய்யவும் ஆகும் செலவை, தடுப்பு, சோதிப்பு, உள் தோல்வி, வெளித் தோல்வி என்று நான்காகப் பிரிப்பது 1950களில் ஆர்மண்ட் ஃபைகன்பாம் தொழிற்சாலைகளுக்காகக் கொண்டுவந்த முறை. தொழிற்சாலையில் உள், வெளி என்பது கேட்டைத் தாண்டியதா இல்லையா என்பதுதான். மருத்துவமனையிலோ வாடிக்கையாளர் கேட்டுக்கு உள்ளேயே படுத்திருக்கிறார். அதனால் கோடு எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு வழக்கம். தவறு நோயாளியை எட்டியதா என்று பார்த்துப் பிரிப்பவர்களும் உண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்னா பின்னா என்று பிரிப்பவர்களும் உண்டு. பணக் கணக்குக்கு டிஸ்சார்ஜ் கோடுதான் வசதி என்பது என் கருத்து. டிஸ்சார்ஜ் வரை உள்ள செலவு ஐபி (உள்நோயாளி) பில்லிலும் பார்மசி இண்டெண்டிலும் (வார்டு மருந்து கேட்கும் சீட்டு) பதிவாகிறது. அதற்குப் பிறகு வருவது மறு அட்மிஷன், வக்கீல் நோட்டீஸ், இழப்பீடு என்று வேறு கணக்குகளில் உட்காருகிறது. பாதிப்பின் அளவைக் குறிக்க இந்தக் கோட்டை இழுக்காதீர்கள். அதற்கு மருந்துப் பிழைகளுக்கென உருவான என்சிசி மெர்ப் அட்டவணை இருக்கிறது. ஏ முதல் ஐ வரை ஒன்பது நிலைகள்: ஏ என்றால் பிழைக்கு வாய்ப்புள்ள சூழ்நிலை, பி நோயாளியை எட்டவில்லை, சி எட்டியது ஆனால் பாதிப்பில்லை, டி கூடுதல் கண்காணிப்பு தேவைப்பட்டது, ஈ தற்காலிகப் பாதிப்பு, எஃப் தங்கும் நாள் நீண்டது, ஜி நிரந்தரப் பாதிப்பு, ஹெச் உயிர் காக்கும் சிகிச்சை தேவைப்பட்டது, ஐ மரணம். கீழே விழுதல், படுக்கைப் புண் போன்றவற்றுக்கும் இதே ஏணியைப் பயன்படுத்தலாம். டிரிகர் டூல் முறையிலும் ஈ முதல் ஐ வரை உள்ளவற்றைத்தான் பாதிப்பாக எண்ணுகிறார்கள்.

சம்பவ அறிக்கை வேலையின் செலவை எந்தத் தலைப்பில் வைப்பது? படிவம் நிரப்புவது, வார்டு இன்சார்ஜ் சரிபார்ப்பது, குவாலிட்டி அலுவலர் வகைப்படுத்துவது, இவையெல்லாம் சோதிப்பு. பாதிப்பு நேர்ந்த சம்பவத்துக்கு நடத்தும் ஆர்சிஏ, அதாவது மூலக் காரண ஆய்வு, உள் தோல்வி. அந்தச் சம்பவம் நடக்காவிட்டால் அந்தக் கூட்டமும் நடந்திருக்காது. நோயாளியை எட்டும் முன் தடுக்கப்பட்ட தவறுக்கு, அதாவது நியர் மிஸ்ஸுக்கு, நடத்தும் ஆர்சிஏ தடுப்பு. இதில் யாரும் உங்களோடு சண்டை போடலாம். எப்படிப் பிரித்தாலும் பாதகமில்லை, ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் இருந்தால் போதும்.

இனி நிமிடக் கணக்கு. கீழே வரும் ரூபாய்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை; உங்கள் சம்பளப் பட்டியலை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருக்குச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து மாதம் 28,750 ரூபாய் என்று வைப்போம். 26 நாள், 8 மணி நேரம் என்றால் 208 மணி. டீ, ஹேண்ட்ஓவர், நடை எல்லாம் போக 80 சதவீதம் வேலை நேரம் என்றால் சுமார் 166 மணி, அதாவது 9,960 நிமிடம். ஒரு நிமிடம் 2.90 ரூபாய். இதே முறையில் இன்சார்ஜுக்கும் குவாலிட்டி அலுவலருக்கும் நிமிடத்துக்கு 4 ரூபாய், பார்மசிஸ்டுக்கு 3, இரண்டு லட்சம் வாங்கும் கன்சல்டன்டுக்கும் மெடிக்கல் சூப்பரிண்டெண்டென்டுக்கும் 20 என்று வரும். அந்த 80 சதவீதத்தை விட்டுவிட்டு முழு 208 மணியால் வகுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும்.

ஒரு சாதாரண அறிக்கை: நர்ஸ் 15 நிமிடம் (44 ரூபாய்), இன்சார்ஜ் 10 நிமிடம் (40), குவாலிட்டி அலுவலர் 20 நிமிடம் (80), சூப்பரிண்டெண்டென்ட் 5 நிமிடம் (100). மொத்தம் 264 ரூபாய். ஆண்டுக்கு 720 அறிக்கைகளுக்கு சுமார் 1.9 லட்சம். ஒரு ஆர்சிஏவுக்கு கன்சல்டன்டும் சூப்பரிண்டெண்டென்டும் இரண்டு மணி நேரம் (4,800), இன்சார்ஜ், பார்மசிஸ்ட் அதே நேரம் (840), குவாலிட்டி அலுவலர் எட்டு மணி நேரம் (1,920), மூன்று நர்ஸ்களிடம் அரை மணி விசாரிப்பு (261) என்றால் 7,821 ரூபாய். அறிக்கை வாங்குவது மலிவு, ஆராய்வதுதான் விலை கூடியது என்பது இதிலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஆர்சிஏ என்று சர்க்குலர் போடும் மருத்துவமனைகளில் ஆர்சிஏ என்பது பழைய படிவத்தை நகல் எடுத்துப் பெயரை மாற்றுவதாக முடிவதற்கு இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. குவாலிட்டி அலுவலரின் முழுச் சம்பளத்தையும் தடுப்புச் செலவில் ஏற்கெனவே போட்டிருந்தால், அவருடைய 20 நிமிடத்தையும் எட்டு மணி நேரத்தையும் மறுபடி சேர்க்கக் கூடாது.

யாரும் எழுதாத சோதிப்புச் செலவு ஒன்று இருக்கிறது. இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற ஆபத்து மிகுந்த மருந்துகளை இரண்டாவது நர்ஸ் சரிபார்ப்பது. நாளுக்கு 150 டோஸ், ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் என்றால் நாளுக்கு 870 ரூபாய், ஆண்டுக்கு 3.18 லட்சம். 720 அறிக்கைகளுக்கும் ஆகும் செலவைவிட இது அதிகம். இதைக் கணக்கில் காட்டினால்தான், ‘எல்லா மருந்துக்கும் டபுள் செக் போடுங்கள்’ என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது அதற்கு விலை சொல்ல முடியும். கூடவே, சரிபார்க்காமல் கையெழுத்து மட்டும் போடப்படுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்த 3.18 லட்சம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது ஒரு சம்பவத்தின் விலை. 68 வயது நோயாளி இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து தொடை எலும்புக் கழுத்து முறிகிறது. பாதி இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை, கூடுதலாக 9 நாள் தங்கல். இதன் செலவை பில் டாரிஃபில் எடுக்காதீர்கள். வார்டு வாடகை நாளுக்கு 2,500 என்று இருக்கலாம். அந்த நோயாளி இன்னொரு நாள் தங்குவதால் உங்கள் கையிலிருந்து உண்மையில் கூடுதலாகப் போவது சாப்பாடு, லினன், மருந்து, கன்சூமபிள்ஸ் என்று 900 ரூபாய்தான். கட்டடமும் நர்ஸ் சம்பளமும் அவர் தங்கினாலும் தங்காவிட்டாலும் இருக்கும். ஆக: இம்பிளான்டும் தியேட்டர் பொருள்களும் 42,000, கேஸ் கணக்கில் தரும் சர்ஜன், மயக்க மருத்துவர் ஃபீஸ் 30,000, எக்ஸ்ரே, எக்கோ, ரத்தப் பரிசோதனை 4,500, ஒன்பது நாள் 8,100, பிசியோ 1,500. கூட்டினால் 86,100. குடும்பத்தைச் சமாதானப்படுத்த அவர் முதலில் வந்த சிகிச்சையின் பில்லில் 20,000 தள்ளுபடி. ஆர்சிஏ 7,821. மொத்தம் 1,13,921.

இந்தத் தள்ளுபடி விஷயத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் வழுக்குகின்றன. முதல் சிகிச்சையின் பில்லைக் குறைத்தால் அது உண்மையான இழப்பு, சேர்க்கலாம். எலும்பு முறிவு சிகிச்சையின் பில்லைத் தள்ளுபடி செய்துவிட்டு, அந்தச் சிகிச்சையின் செலவையும் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள். செலவை மட்டும் வையுங்கள்.

படுக்கை அடைபட்டதால் போன வருமானத்தைச் சேர்க்கலாமா? படுக்கை நிரம்பி வழிந்து நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலையில் மட்டும். 12,000 அட்மிஷன், சராசரி 4 நாள் என்றால் 48,000 படுக்கை நாள். 200 படுக்கைக்கு ஆண்டில் 73,000. உங்கள் நிரம்பல் 66 சதவீதம். பொது வார்டில் ஒன்பது நாள் அடைபட்டதால் யாரும் திரும்பிப் போகவில்லை, இழப்பு பூஜ்யம். ஐசியூ மட்டும் எப்போதும் நிரம்பியிருந்தால் ஐசியூ நாள்களுக்குத் தனியாகக் கணக்கிடுங்கள், அதுவும் வருமானத்திலிருந்து மாறும் செலவைக் கழித்த மிச்சத்தை மட்டும். ஆலோசகர்கள் தயாரிக்கும் அறிக்கைகளில் வரும் பிரமாண்டமான ‘இழந்த வருமானம்’ பெரும்பாலும் காலிப் படுக்கைகள்மேல் போட்ட கணக்கு.

கூடுதல் நாள் ஒன்பதா, ஐந்தா என்பதை எப்படித் தீர்மானிப்பது? மருத்துவமனையின் சராசரித் தங்கல் 4 நாள், இவர் 15 நாள் தங்கினார், ஆகவே 11 நாள் கூடுதல் என்பது தவறு. விழக்கூடியவர்கள் ஏற்கெனவே வயதானவர்கள், நோய் முற்றியவர்கள். விழாவிட்டாலும் அதிக நாள் இருந்திருப்பார்கள். தொற்று விஷயத்தில் இது இன்னும் மோசம். பத்தாவது நாளில் தொற்று வந்தவரை, இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனவரோடு ஒப்பிட்டால் தொற்றுக்கு முந்தைய பத்து நாளும் தொற்றின் செலவாகிவிடும். ஒப்பிட எடுக்கும் நோயாளி குறைந்தது பத்து நாள் தொற்றில்லாமல் தங்கியவராக இருக்க வேண்டும். எண்ணிக்கை அந்த பத்தாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு ஒப்பீடு செய்ய உங்கள் அளவு மருத்துவமனையில் நோயாளிகள் போதமாட்டார்கள். அதனால் சம்பவத்துக்கு முந்தைய நாள் வரையிலான கேஸ் ஷீட்டை இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, ‘இவருக்கு எப்போது டிஸ்சார்ஜ் எழுதியிருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டு பதிலும் இரண்டு நாளுக்கு மேல் வேறுபட்டால், கூடுதல் நாள் குறைவாக வரும் பதிலை எடுங்கள். அடக்கி வாசித்த தொகையை நிதிப் பிரிவு எளிதில் தட்டிக்கழிக்காது.

வெளிநாட்டு எண்ணைக் கடன் வாங்கும் ஆசை வரும். 1997இல் பேட்ஸ் குழு, தவிர்த்திருக்கக்கூடிய ஒரு மருந்துப் பாதிப்புக்கு 4,685 டாலரும் 4.6 நாளும் கூடுதலாகிறது என்று கண்டது புகழ்பெற்ற எண். அதை இன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி ரூபாயில் எழுதிய கணக்கு செல்லாது. அது ஒரு நாட்டின் அந்தக் காலச் சம்பளமும் மருந்து விலையும் கலந்த தொகை. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2017இல் சொன்ன, மருத்துவமனைச் செலவில் சுமார் 15 சதவீதம் பாதிப்புகளைச் சமாளிக்கவே போகிறது என்ற மதிப்பீடும் நிர்வாகத்தின் கவனத்தைத் திருப்ப உதவும். உங்கள் வரவு செலவில் 15 சதவீதத்தை எடுத்து எழுத உதவாது.

இந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதற்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். நம் ஊரில் இதை விட்டால் கணக்கே பொய்யாகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்த நோயாளிக்குத் தொகுப்புத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. கூடுதல் நாள் மருத்துவமனையின் பாடு. கையிலிருந்து கட்டும் நோயாளிக்குப் படுக்கைப் புண்ணின் டிரெஸ்ஸிங்கும் ஆன்டிபயாடிக்கும் பில்லில் ஏறிவிடும். மருத்துவமனைக்கு அது வருமானமாகவே தெரியும். காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம் பார்க்கும் டிபிஏ வழி வந்தவருக்குக் கிளெய்மில் ஒரு பகுதி பிடித்தமாகும். ஆகவே ஒவ்வொரு சம்பவத்துக்கும் மருத்துவமனை, காப்பீடு, நோயாளி என்று மூன்று கட்டம் போட்டுத் தொகையைப் பிரியுங்கள். நோயாளியின் கட்டத்தில் பில்லோடு, அட்டெண்டர் தங்கியதும் கூலி போனதும் சேரும். நிர்வாகத்துக்கு முதல் கட்டம் மட்டும் போதும் என்று தோன்றலாம். மூன்றாவது கட்டத்தை மறைத்தால், கவனக்குறைவு லாபம் தருகிறது என்று உங்கள் அறிக்கையே சொல்லிவிடும்.

தொகையைப் பிடிக்க வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளில் தவறுக்காகக் கொடுத்த தள்ளுபடி, நிர்வாக இயக்குநரின் கன்செஷன் என்ற பொதுத் தலைப்பில், தெரிந்தவருக்குக் குறைத்ததோடும் ஏழைக்குக் குறைத்ததோடும் கலந்து கிடக்கும். பில்லிங் மென்பொருளில் கன்செஷன் காரணங்களில் ‘சம்பவம்’ என்று ஒன்றைச் சேர்த்து, சம்பவ எண்ணைக் கட்டாயமாக்குங்கள். பார்மசி இண்டெண்டிலும் மறு பரிசோதனைக் கோரிக்கையிலும் அதே எண் வர வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு மருத்துவமனை மென்பொருளான ஹெச்ஐஎஸ்ஸைத் தரும் நிறுவனத்தோடு போராட வேண்டியிருக்கும், ஆனால் மற்ற எந்த ஏற்பாட்டையும்விட இது பயன் தரும்.

இப்போது எண்ணிக்கை. மாதம் 20 கேஸ் ஷீட்டுகளை மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிலிருந்து (எம்ஆர்டி) குலுக்கல் முறையில் எடுத்து, டிரிகர் டூல் வழியில் படிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள், ஒன்றுக்கு 20 நிமிடத்துக்கு மேல் கூடாது, கடைசியில் ஒரு மருத்துவர் உறுதி செய்வார். முழுவதும் படிக்க வேண்டாம். அறிகுறிகளைத் தேடினால் போதும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 6க்கு மேல், சர்க்கரை 50க்குக் கீழ், மாற்று மருந்தாக நலோக்சோன் அல்லது வைட்டமின் கே கொடுத்தது, வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாற்றியது, மறுபடி தியேட்டருக்குப் போனது, 30 நாளில் மறு அட்மிஷன் போன்றவை. அறிகுறி கிடைத்தால் அதற்குப் பின்னால் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டில் 240 ஷீட்டில் 24 பாதிப்புகள் கிடைத்தன, அவற்றில் 3 மட்டுமே சம்பவ அறிக்கையாக வந்திருந்தன என்று வைப்போம். உங்கள் அறிக்கை அமைப்பு பிடிப்பது எட்டில் ஒன்று. 24இல் 17 ஈ நிலை, 7 எஃப் நிலை. 12,000 அட்மிஷனுக்கு விரித்தால் ஈ 850, எஃப் 350. ஈ ஒன்றுக்கு 1,500 ரூபாயும் எஃப் ஒன்றுக்கு 18,000 ரூபாயும் உங்கள் விலைக் கணக்கில் வந்தால், 12.75 லட்சமும் 63 லட்சமும் சேர்ந்து சுமார் 76 லட்சம். அறிக்கையாக வந்தவற்றை மட்டும் எண்ணியிருந்தால் 9.5 லட்சத்தில் நின்றிருக்கும்.

76 லட்சத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எஃப் நிலையில் கையில் இருப்பது ஏழே ஏழு நிகழ்வுகள். தற்செயல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தால், ஏழுக்கான 95 சதவீத வரம்பு ஏறத்தாழ 2.8 முதல் 14.4 வரை. விரித்தால் 140 முதல் 720 சம்பவங்கள், 25 லட்சம் முதல் 1.3 கோடி வரை. அந்த அகலத்தை மறைக்காமல் எழுதுங்கள். இரண்டாம் ஆண்டுத் தரவையும் சேர்த்தால் குறுகும். ஜி, ஹெச், ஐ நிலைச் சம்பவங்களை இப்படி விரிக்கவே கூடாது. அவற்றை ஒவ்வொன்றாக, உண்மையான தொகையோடு தனிப் பட்டியலில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் டிரிகர் டூல் தேவையில்லை. சில எண்ணிக்கைகள் ஏற்கெனவே பதிவேட்டில் கிடக்கின்றன. லேப் நிராகரித்த மாதிரிகள் நல்ல உதாரணம்: உறைந்தது, ரத்த அணு உடைந்தது, லேபிள் மாறியது. மறுபடி குத்தி எடுக்க டியூப், ஊசி, நர்ஸ் நேரம், லேப் நேரம் சேர்த்து 85 ரூபாய் என்றால், மாதம் 250க்கு ஆண்டில் 2.55 லட்சம். இதற்கு யாரும் சம்பவ அறிக்கை எழுதுவதில்லை. எழுதச் சொல்லவும் வேண்டாம். 264 ரூபாய் செலவழித்து 85 ரூபாய்ச் சம்பவத்தைப் பதிவு செய்வதில் அர்த்தமில்லை. லேப் ரிஜிஸ்டரிலிருந்து எண்ணிக்கையை எடுத்தால் போதும். லேபிள் மாறிய மாதிரி மட்டும் விதிவிலக்கு, அது தவறான ரத்தம் ஏற்றுவதில் போய் முடியலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அறிக்கை வேண்டும்.

ஊசி குத்திய காயத்துக்கு நிலைமை நேர் எதிர். அங்கே அறிக்கை என்பதே சிகிச்சையின் முதல் படி. ஹெச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். நோயாளிக்கும் ஊழியருக்கும் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, சில மாதங்களுக்குத் தொடர் பரிசோதனை, விடுப்பு, இவை தோல்விச் செலவு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத ஊழியருக்கு இம்யூனோகுளோபுலின் தேவைப்பட்டால் தொகை எகிறும். வேலையில் சேரும்போதே 0, 1, 6 மாதத் தடுப்பூசியும், முடிந்ததும் எதிர்ப்பொருள் அளவு 10ஐத் தாண்டியதா என்ற பரிசோதனையும் தடுப்புச் செலவு. ஒரே பக்கத்தில் தடுப்பையும் தோல்வியையும் அருகருகே வைத்து நிர்வாகத்துக்குக் காட்ட இதைவிடத் தெளிவான இனம் இல்லை.

வெளித் தோல்வியின் தொல்லை காலதாமதம். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு இழப்பீட்டு வழக்குகள் நமக்குப் புதியவை அல்ல. 1996இல் சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை போனது. உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது 2015இல். தவறிய சோதிப்புச் செலவு ஒரு கண் மருத்துவரின் சில நிமிடங்கள். வெளித் தோல்வி வந்து சேர 19 ஆண்டு. அதனால் இழப்பீட்டைப் பணம் கட்டிய ஆண்டில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் 2015இல் வேலை செய்தவர்கள் 1996இன் பழியைச் சுமப்பார்கள். சம்பவம் நடந்த ஆண்டின் பட்டியலில் திருத்தமாகச் சேர்த்து, நடப்பு ஆண்டுக்கு நிலுவை வழக்குகளையும் இழப்பீட்டுக் காப்பீடான இன்டெம்னிட்டியின் பிரீமியத்தையும் மட்டும் காட்டுங்கள். பெயர் கெட்டதால் போன நோயாளிகளுக்கு ரூபாய் போடாதீர்கள். எந்த எண்ணையும் எழுதலாம் என்ற இடத்தில் எழுதாமல் இருப்பதே நல்லது.

இனி நிர்வாகத்தின் கேள்விக்கு வரலாம். 76 லட்சம் நஷ்டம் என்றால் 76 லட்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று பொருளல்ல. எல்லாப் பாதிப்பும் தவிர்க்கக்கூடியவை அல்ல. தெரியாத ஒவ்வாமையும் இருக்கும், நோயின் இயல்பான சிக்கலும் இருக்கும். அமெரிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தின் 2010 ஆய்வில் 44 சதவீதம்தான் தெளிவாக அல்லது அநேகமாகத் தவிர்த்திருக்கக்கூடியவை. உங்கள் 24 நிகழ்வுகளையும் இரண்டு மருத்துவர்கள் இதே கேள்வியோடு பார்க்கட்டும். பாதி தவிர்க்கக்கூடியவை என்றால் 38 லட்சம். ஒரு திட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும் என்று நம்ப இடமிருந்தால் சுமார் 7.6 லட்சம். அதில் மருத்துவமனையின் கட்டத்துக்கு வருவது எவ்வளவு என்று பார்த்து, திட்டத்தின் கூடுதல் செலவோடு அதை ஒப்பிடுங்கள். குவாலிட்டி பிரிவின் மொத்தச் செலவையும் மொத்த நஷ்டத்தையும் மோதவிடுவது விவாத மேடைக்குத்தான் ஆகும். அடுத்த ஐந்து லட்சத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

என்னைக் கேட்டால், மொத்தத் தொகையைவிட நிர்வாகத்தை அசைப்பது வேறொரு வரிதான்: காப்பா, அதாவது திருத்த, தடுப்பு நடவடிக்கை, முடிந்ததாக மூடப்பட்ட பிறகும் அதே காரணத்தால் மறுபடி நடந்தவற்றின் செலவு. கழிப்பறைக் கைப்பிடி பொருத்தப்பட்டது என்று மார்ச்சில் கையெழுத்திட்ட வார்டில் ஜூலையில் இன்னொருவர் விழுந்தால், அந்த 1,13,921 ரூபாயை யாரும் ‘தவிர்க்க முடியாதது’ என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அறிக்கையிலும் ‘முந்தைய காப்பா எண்’ என்று ஒரு கட்டம் இருந்தால் இது தானாகக் கிடைக்கும்.

காலாண்டு அறிக்கையில் ரூபாயைத் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே 1,000 படுக்கை நாளுக்கு எத்தனை அறிக்கைகள் (உங்களுக்கு இப்போது 15), மொத்த அறிக்கைகளில் நியர் மிஸ்ஸின் சதவீதம், டிரிகர் டூலில் கிடைத்தவற்றில் எத்தனை பங்கு அறிக்கையாக வந்தது, சம்பவத்துக்கும் அறிக்கைக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்ற நான்கும் வேண்டும். அறிக்கைகள் கூடி, நியர் மிஸ் பங்கும் கூடி, டிரிகர் டூல் விகிதம் மாறாமல் இருந்தால் வார்டில் பேச்சு திறந்திருக்கிறது. தோல்விச் செலவு ஏறியதாக எழுத வேண்டியதில்லை. அறிக்கைகள் குறைந்து, டிரிகர் டூல் விகிதம் அப்படியே இருந்தால் பயம் வந்திருக்கிறது. எந்த வார்டு, எந்த இன்சார்ஜ் மாறினார் என்று பாருங்கள். வார்டு வாரியாகச் சம்பவச் செலவை வரிசைப்படுத்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, அறிக்கை குறைந்த வார்டுக்குப் பரிசு தருவது இரண்டும் அடுத்த மாதமே தரவைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். முதல் காலாண்டில் கன்செஷன் காரணக் குறியீடும், மாதம் 20 ஷீட் வாசிப்பும், கீழே விழுதல், படுக்கைப் புண், ஊசிக் காயம், லேப் நிராகரிப்பு ஆகிய நான்கின் விலையும் போதும். மருந்துப் பிழையை இரண்டாம் காலாண்டுக்குத் தள்ளுங்கள். அதில் ஏ, பி, சி நிலைகள்தான் பெரும்பாலும் வரும், ஒவ்வொன்றுக்கும் செலவு கிட்டத்தட்ட அந்த 264 ரூபாய்தான், ஈ நிலைக்கு மேல் வருவதைப் பிரித்தெடுக்க பார்மசிஸ்டின் உதவி தேவைப்படும். தொற்றை இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸின் கண்காணிப்புத் தரவு ஓராண்டு சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.